அணி மோசமா, அதிர்ஷ்டம் மோசமா? பேஸ்பால் கிண்டலும் ரன் வித்தியாசமும்

2023 மே 5 அன்று சான் டியாகோ பாட்ரேஸ் அணி, தன் சொந்த மைதானமான பெட்கோ பார்க்கில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை 5-2 என்று தோற்கடித்தது. அன்று டாட்ஜர்ஸுக்குப் பந்து வீசித் தோற்றவர் கிளேட்டன் கெர்ஷா, அந்த அணியின் மூத்த நட்சத்திரம். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ராட்சதத் திரையில் கெர்ஷா அழுவது போன்ற ஒரு படத்தைப் போட்டார்கள். ரசிகர் யாரோ செய்த குறும்பு இல்லை, மைதானத்தின் திரையிலேயே வந்தது.

மறுநாள் டாட்ஜர்ஸ் ஜெயித்தது. அதற்கடுத்த நாளும் ஜெயித்தது. சீசன் முடிந்தபோது டாட்ஜர்ஸ் 100 வெற்றி, 62 தோல்வி. படம் போட்ட பாட்ரேஸ் 82 வெற்றி, 80 தோல்வி, பிளே ஆஃப் வாய்ப்பும் போயிற்று. அந்த ஆண்டு அமெரிக்க பேஸ்பாலில் மூன்றாவது பெரிய சம்பளப் பட்டியல் பாட்ரேஸுடையது. மேனி மச்சாடோ, ஹுவான் சோட்டோ, டாட்டிஸ் ஜூனியர், 28 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த ஸாண்டர் போகார்ட்ஸ் என்று வீரர் பட்டியலைப் பார்த்தாலே பயம் வரும். அப்புறம் டாட்ஜர்ஸ் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? காசைக் கொட்டி வாங்கிய கூட்டம், இக்கட்டில் கை நடுங்கும் கூட்டம், என்றைக்கும் எங்களுக்குத் தம்பிதான் என்று ஆரம்பித்தார்கள். பாட்ரேஸ் ரசிகர்களிடம் இருந்தது ஒரே பதில்: இந்த வருஷம் எங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லை.

தோற்றவன் சொல்லும் சாக்கு மாதிரிதான் கேட்கிறது. ஆனால் பேஸ்பாலில் இந்தச் சாக்கை ஓரளவுக்கு எண்ணிப் பார்த்துச் சரிபார்க்க முடியும். எண்ணிப் பார்த்தால் 2023-இல் பாட்ரேஸ் ரசிகர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. கிண்டல் செய்தவர்களும் சரி, வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் சரி, "அதிர்ஷ்டம்" என்ற வார்த்தையை ஆளுக்கொரு அர்த்தத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

## முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

பேஸ்பால் பார்த்தே இராதவர்களுக்கு இவ்வளவு போதும். இரண்டு அணிகளும் மாறி மாறி ஒன்பது இன்னிங்ஸ் ஆடும். ஒரு இன்னிங்ஸில் ஓர் அணிக்கு மூன்று அவுட்தான். பேட்டர் பந்தை அடித்துவிட்டு மூன்று பேஸ்களைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால் ரன்கள் ரொம்பக் குறைவு: ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக எடுப்பது நான்கு, ஐந்து. டிரா என்பது கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக இருந்தால் முடிவு தெரியும்வரை கூடுதல் இன்னிங்ஸ் ஆட வேண்டியதுதான்.

ஒரு சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் முடியும்வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் இருக்கும். ஆகவே எந்தக் கொம்பன் அணியும் ஐம்பது, அறுபது முறை தோற்கும். எந்தச் சோப்ளாங்கி அணியும் நாற்பது, ஐம்பது முறை ஜெயிக்கும். நவீன காலத்தில் ஒரே சீசனில் 116 வெற்றிக்கு மேல் யாரும் பெற்றதில்லை. 1906-இல் சிகாகோ கப்ஸும், 2001-இல் சியாட்டில் மரைனர்ஸும் அந்த எண்ணைத் தொட்டன. அந்த 2001 மரைனர்ஸே 46 முறை தோற்றிருக்கிறது, கோப்பைக்கான இறுதித் தொடரான உலகத் தொடருக்கும் போகவில்லை.

பாட்ரேஸும் டாட்ஜர்ஸும் ஒரே பிரிவில் இருப்பவை, ஊர்களுக்கு இடையே சுமார் 190 கிலோமீட்டர்தான். டாட்ஜர்ஸிடம் கோப்பைகள் குவிந்து கிடக்கின்றன. 1969-இல் லீக்குக்கு வந்த பாட்ரேஸ் 1984, 1998 என்று இரண்டு முறை உலகத் தொடர்வரை போய் இரண்டிலும் தோற்றது. கிண்டலின் அடி உரம் அதுதான். பதிலுக்கு பாட்ரேஸ் ரசிகர்கள் வைத்திருப்பது, கோவிட் காரணமாக 60 ஆட்டங்களாகச் சுருங்கிய 2020 சீசனில் டாட்ஜர்ஸ் வென்ற கோப்பையை "மிக்கி மவுஸ் மோதிரம்" (கோப்பை வென்றவர்களுக்கு மோதிரம் போடுவது அங்கே வழக்கம்) என்று சொல்லிச் சீண்டுவது. அப்புறம் "பீட் எல்.ஏ.", அதாவது லாஸ் ஏஞ்சலஸைத் தோற்கடி, என்ற கோஷம். அந்தக் கோஷம்கூட சான் டியாகோவின் சொந்தச் சரக்கு இல்லை, 1982-இல் பாஸ்டன் கூடைப்பந்து ரசிகர்கள் கிளப்பியது என்பதை டாட்ஜர்ஸ் ரசிகர்கள் ஏனோ அதிகம் பயன்படுத்திக்கொள்வதில்லை.

## வெற்றி எண்ணிக்கை எதை மறைக்கிறது

இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஐந்து பாடம், தேர்ச்சிக்கு 35 மதிப்பெண். முதல் மாணவி 34, 33, 34, 92, 88 வாங்குகிறாள். இரண்டாவது மாணவன் 35, 36, 35, 37, 12. எத்தனை பாடத்தில் தேர்ச்சி என்று மட்டும் பார்த்தால் அவளுக்கு இரண்டு, அவனுக்கு நான்கு. அவன்தான் கெட்டிக்காரன் என்று உறவுக்காரர்கள் முடிவு கட்டிவிடலாம். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் அவளுக்கு 281, அவனுக்கு 155. அடுத்த தேர்வில் யார் நன்றாகச் செய்வார் என்று பந்தயம் கட்டச் சொன்னால் நான் யோசிக்காமல் அவள் பக்கம்தான் கட்டுவேன்.

பேஸ்பாலில் வெற்றி-தோல்விக் கணக்கு அந்தத் தேர்ச்சிக் கணக்கு மாதிரி. 1-0 என்று ஜெயித்தாலும் ஒரு வெற்றி, 14-1 என்று நொறுக்கினாலும் ஒரு வெற்றி. மொத்த மதிப்பெண்ணின் இடத்தில் இருப்பது ரன் வித்தியாசம்: சீசன் முழுக்க ஓர் அணி எடுத்த ரன்களிலிருந்து அது விட்டுக்கொடுத்த ரன்களைக் கழித்தால் வருவது. கிரிக்கெட்டில் நிகர ரன் ரேட் புள்ளிப் பட்டியலில் சமநிலையைப் பிரிக்க உதவுகிறதே, அந்த மாதிரி அதிகாரபூர்வமான வேலை எதுவும் இதற்குக் கிடையாது. பட்டியலின் ஓரத்தில் ஒரு நிரலில் கிடக்கும். பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை.

2023-இல் பாட்ரேஸ் எடுத்தது 752 ரன், விட்டுக்கொடுத்தது 648. வித்தியாசம் +104. அதே லீக்கில் மயாமி மார்லின்ஸ் எடுத்தது 666, கொடுத்தது 723. வித்தியாசம் −57. கொடுத்ததைவிட எடுத்தது குறைவு. ஆனால் மார்லின்ஸ் 84 வெற்றியோடு பிளே ஆஃபுக்குள் போனது, பாட்ரேஸ் 82 வெற்றியோடு வெளியே நின்றது.

அதாவது, எத்தனை முறை ஜெயித்தது என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நன்றாக ஆடியது என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். வராத ஆண்டுகளில்தான் சண்டையே.

## ஒரே ஒரு ரன்னில் முடியும் ஆட்டங்கள்

வித்தியாசம் எங்கே ஒளிந்திருந்தது? ஒரு ரன் ஆட்டங்களில், அதாவது இறுதியில் ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில். 2023-இல் பாட்ரேஸ் அப்படிப்பட்ட 32 ஆட்டங்களை ஆடி, 9 வென்று 23 தோற்றது. மார்லின்ஸ் 47 ஆடி, 33 வென்று 14 தோற்றது. ஒரு ரன் ஆட்டங்களைத் தள்ளிவிட்டு மற்றவற்றை மட்டும் எண்ணினால் பாட்ரேஸ் 73-57, மார்லின்ஸ் 51-64. இப்போது எது நல்ல அணி?

நெருக்கமான ஆட்டத்தை ஜெயிப்பதுதானே நல்ல அணிக்கு அழகு என்று உடனே கேட்பார்கள். நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஓர் ஆட்டம் எப்படி ஒரு ரன்னில் முடிகிறது என்று பாருங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம், இரண்டாம் பேஸில் நம் ஆள் நிற்கிறான். பேட்டர் பந்தை இடி மாதிரி அடிக்கிறார், அது நேராக ஃபீல்டரின் கையுறைக்குள் போய் விழுகிறது, ஆட்டம் முடிந்தது. மறுநாள் அதே நிலைமையில் இன்னொருவர் மட்டையின் நுனியில் பட்டும் படாமலும் தட்டிவிடுகிறார், பந்து இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே பொத்தென்று விழுகிறது, ஆட்டம் சமம். முதல் பேட்டர் செய்தது நல்ல வேலை, இரண்டாமவர் செய்தது அரைகுறை வேலை. வட்டமான மட்டையால் வட்டமான பந்தை அடிக்கும் விளையாட்டில் இது தினமும் நடப்பது.

ஒரே ஆட்டத்தில் திறமைக்கும் முடிவுக்கும் இடையே இப்படி ஒரு இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். எட்டு ரன் வித்தியாசத்தில் முடிகிற ஆட்டத்தில் ஒரு பந்து அங்கே விழுந்தால் என்ன, இங்கே விழுந்தால் என்ன, முடிவு மாறாது. ஒரு ரன் ஆட்டத்தில் அந்த ஒரு பந்துதான் முடிவு. அதனால் இந்த ஆட்டங்களின் கணக்கில் திறமையின் பங்கு குறைந்து, தற்செயலின் பங்கு ஏறிவிடுகிறது. திறமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல அணிகள் ஒரு ரன் ஆட்டங்களிலும் பாதிக்குச் சற்று மேல் ஜெயிக்கும். சற்று மேல், அவ்வளவுதான்.

சரி, அதுதான் குளோசர் இருக்கிறாரே என்பார்கள். கடைசி இன்னிங்ஸில் சின்ன முன்னிலையைக் காப்பாற்றுவதற்கென்றே இறக்கப்படும் பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, அந்தப் பெயர். நல்ல குளோசர் இருந்தால் நெருக்கமான ஆட்டங்கள் நம் பக்கம் வரும் என்பது பேஸ்பாலில் வேதவாக்கு. 2023 பாட்ரேஸின் குளோசர் ஜாஷ் ஹேடர், அந்த ஆண்டு அவர் 33 ஆட்டங்களைக் காப்பாற்றினார், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.28 ரன்தான் அவர் கணக்கில் ஏறியது. லீக்கின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவரை வைத்துக்கொண்டுதான் 9-23. முன்னிலை இருந்தால்தானே காப்பாற்றுவதற்கு?

இன்னும் நல்ல உதாரணம் பால்டிமோர் ஓரியோல்ஸ். 2012-இல் அந்த அணி ஒரு ரன் ஆட்டங்களில் 29-9. நம்பவே முடியாத எண். மேலாளர் பக் ஷோவால்டரின் சாமர்த்தியம், 51 ஆட்டங்களைக் காப்பாற்றிய குளோசர் ஜிம் ஜான்சனின் உறுதி, வீரர்களின் மன திடம் என்று புகழ்ந்து தள்ளினார்கள். மறு ஆண்டும் அதே மேலாளர், அதே குளோசர். ஜான்சன் 50 ஆட்டங்களைக் காப்பாற்றவும் செய்தார். ஓரியோல்ஸின் ஒரு ரன் கணக்கு 20-31. ஒரு குளிர்காலத்தில் மன திடம் எங்கே ஆவியாகிப் போயிற்று? போகவில்லை. 29-9 என்பதில் பெரும்பகுதி முதலிலிருந்தே மன திடம் இல்லை.

## நாணயம் சுண்டிப் பார்த்தால்

ஒரு நாணயத்தை 32 முறை சுண்டினால் தலை 16 முறை விழும் என்றுதான் எதிர்பார்ப்போம். 13, 19 எல்லாம் சாதாரணம். ஒன்பதோ அதற்குக் குறைவாகவோ விழுவது சுமார் நூற்றில் ஒரு வாய்ப்பு. அபூர்வம்தான். ஆனால் லீக்கில் 30 அணிகள் இருக்கின்றன, ஆண்டுதோறும் ஆடுகின்றன. அப்படியானால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதோ ஓர் அணிக்கு இந்த நூற்றில் ஒன்று நடந்தே தீரும். யாருக்கு நடக்கிறதோ அந்த ஊரில் பத்திரிகைகள் வீரர்களின் ஓய்வறைக்குள் என்ன சண்டை என்று தோண்ட ஆரம்பிக்கும்.

கூடுதல் இன்னிங்ஸ் கதை இதைவிடக் கொடுமை. 2020-இலிருந்து வழக்கமான சீசன் ஆட்டங்களில் பத்தாவது இன்னிங்ஸ் தொடங்கும்போதே இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரைச் சும்மா நிறுத்திவிடுகிறார்கள், ஆட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று. 2023-இல் அது நிரந்தர விதியாகவும் ஆகிவிட்டது. ஒரே ஓர் அடியில் ரன் வந்துவிடும் என்பதால் லாட்டரித்தனம் இன்னும் கூடுதல். அந்த ஆண்டு கூடுதல் இன்னிங்ஸுக்குப் போன 14 ஆட்டங்களில் பாட்ரேஸ் வென்றது 2. ஒரு ரன் தோல்விகளும் இவையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி அழ வேண்டியதில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ரன் வித்தியாசம் அணியின் மொத்த ஆட்டத்தைச் சொல்கிறது, ஒரு ரன் ஆட்டங்களில் தற்செயல் தாராளமாகப் புகுந்து விளையாடுகிறது, ஆகவே வெற்றிக் கணக்கு ரன் வித்தியாசத்தை விட்டு விலகி நின்றால் முதலில் ஒரு ரன் ஆட்டங்களைப் பார்க்க வேண்டும்.

## பித்தாகரஸ் இங்கே என்ன செய்கிறார்

"நன்றாக ஆடினார்கள்" என்பதை வெற்றி எண்ணிக்கையாக மாற்ற ஒரு வழி வேண்டும். பேஸ்பால் எண்களை ஆராய்ந்து பேர் பெற்ற பில் ஜேம்ஸ் அதற்கு ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், எத்தனை பங்கு ஆட்டங்களை அந்த அணி ஜெயித்திருக்க வேண்டும் என்று கிடைக்கும். வர்க்கங்களின் கூட்டல் வருவதால் பள்ளிக்கூடச் செங்கோண முக்கோணத்தை நினைத்து பித்தாகரஸ் எதிர்பார்ப்பு என்று பெயர் வைத்தார்கள். முக்கோணத்துக்கும் இதற்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு வந்தவர்கள் வர்க்கத்துக்குப் பதில் வேறு அடுக்கைப் போட்டுக் கொஞ்சம் சீர்படுத்தினார்கள், நமக்கு வர்க்கமே போதும்.

பாட்ரேஸ் 2023-க்குப் போட்டுப் பார்த்தால் 93 வெற்றி வருகிறது. கிடைத்தது 82. மார்லின்ஸுக்கு வருவது 74, கிடைத்தது 84. ஓரியோல்ஸ் 2012-இல் எடுத்தது 712, கொடுத்தது 705. சூத்திரப்படி 82, கிடைத்தது 93. டாட்ஜர்ஸ் 2023-க்கு 102 வருகிறது, கிடைத்தது 100. அங்கே வம்பே இல்லை, அது உண்மையிலேயே நல்ல அணி. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: 81 வெற்றியை நடுக்கோடாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 10 ரன் வித்தியாசத்துக்கும் ஒரு வெற்றியைக் கூட்டவோ கழிக்கவோ செய்யுங்கள். +104 என்றால் 81-உம் 10-உம், 91. ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் வருகிறது.

## அப்படியானால் எல்லாம் விதியா?

இல்லை. இந்த இடத்தில்தான் தோற்ற அணியின் ரசிகர்கள் சூத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 2023-இன் முதல் மாதங்களில் பாட்ரேஸ் பேட்டர்கள் இரண்டாம், மூன்றாம் பேஸில் ஆள் நிற்கும்போது அடிக்கத் திணறினார்கள் என்பது உண்மை. அதில் ஒரு பகுதி தற்செயல், ஒரு பகுதி பதற்றமாகவோ தவறான அணுகுமுறையாகவோ இருந்திருக்கலாம். குளோசருக்கு முந்தைய இன்னிங்ஸ்களில் வீசுபவர்கள் பலவீனமாக இருந்தாலும் நெருக்கமான ஆட்டங்கள் நழுவும். 11 வெற்றி குறைந்ததில் இத்தனை அதிர்ஷ்டம், இத்தனை தவறு என்று தராசில் வைத்து நிறுத்திக் கொடுக்க யாராலும் முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று கேட்டால், 82-80 என்ற எண்ணைவிட +104 என்ற எண் பொதுவாக நம்பகமான வழிகாட்டி. சண்டையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ரன் வித்தியாசமும் ஏமாற்றக்கூடியதே. ஒரே வாரத்தில் இரண்டு ஆட்டங்களை 18-2, 15-1 என்று ஜெயித்தால் எண் வீங்கிவிடும். ஏற்கெனவே கைவிட்டுப் போன ஆட்டத்தில் மேலாளர் நல்ல பிட்சர்களைச் செலவழிக்காமல் கடைசி ஆளை அனுப்புவார், எதிரணி குவித்துத் தள்ளும். மார்லின்ஸ் ரசிகர்கள் இதைத்தான் சொன்னார்கள். ஓரளவு சரி. ஆனால் 51-64 என்ற எண்ணை இது முழுக்க விளக்காது.

அதோடு ரன்களிலேயே அதிர்ஷ்டம் கலந்திருக்கிறது. ஒன்பது ஹிட்கள் ஒன்பது இன்னிங்ஸில் ஒவ்வொன்றாகச் சிதறினால் ஒரு ரன்கூட வராமல் போகலாம், அதே ஒன்பதும் இரண்டு இன்னிங்ஸில் கொத்தாக விழுந்தால் ஆறேழு ரன். நிபுணர்கள் அதையும் சலித்தெடுக்க வேறு கணக்குகள் வைத்திருக்கிறார்கள். நாம் அங்கே போக வேண்டாம்.

## அதிர்ஷ்டம் கடனைத் திருப்பித் தருமா?

மிக அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். "இவ்வளவு நாள் துரதிர்ஷ்டம், இனிமேல் எல்லாம் நமக்குச் சாதகமாக விழும்" என்று ரசிகர்கள் காத்திருப்பார்கள். விழாது. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. 9-23 என்று இருந்த அணி அடுத்த 32 ஆட்டங்களில் 23-9 ஆகும் என்று எந்த விதியும் இல்லை. 16-16-க்குப் பக்கத்தில் வரும் என்பதுதான் நியாயமான எதிர்பார்ப்பு. இதற்குப் பெயர் சராசரிக்குத் திரும்புதல்: எல்லைக்குப் போன ஒரு முடிவுக்குப் பின்னால் வரும் முடிவு, பெரும்பாலும் நடுப்பகுதிக்கு அருகில் இருக்கும். இழந்தது திரும்பி வராது, தொடர்ந்து இழப்பது நிற்கும். இரண்டும் ஒன்றில்லை.

பாட்ரேஸே இதற்குச் சாட்சி. 2023 முடிந்ததும் செலவைக் குறைத்தார்கள். சோட்டோவை நியூயார்க் யாங்கீஸுக்கு மாற்றினார்கள். ஹேடர் ஹியூஸ்டனுக்குப் போனார். அந்த ஆண்டின் சிறந்த பிட்சர் விருதான சை யங் வாங்கிய பிளேக் ஸ்னெல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார். அடுத்த வீட்டு டாட்ஜர்ஸ் அதே குளிர்காலத்தில் ஷோஹெய் ஓட்டானியை 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. கிண்டலுக்கு இதைவிட நல்ல பருவம் வாய்க்காது. 2024-இல் பாட்ரேஸின் ரன் வித்தியாசம் +91, முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவுதான். வெற்றிகள்? 93. அணி 13 ரன் அளவுக்கு மோசமானது, கணக்கில் 11 வெற்றி கூடியது. மார்லின்ஸ் 2023-இன் 84-இலிருந்து 2024-இல் 62 வெற்றிக்குச் சரிந்து 100 முறை தோற்றது. அங்கே காயங்களும், வீரர்களை விற்றதும் சேர்ந்துகொண்டன, எல்லாப் பழியையும் ஒரு ரன் ஆட்டங்களின் மேல் போட முடியாது. ஆனாலும் −57-ஐ முன்னமே பார்த்திருந்தவர்கள் அவ்வளவாக அதிர்ந்திருக்க மாட்டார்கள்.

சீசனுக்கு நடுவிலும் இது பொருந்தும். 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களில் 19-31. மேலாளரைத் துரத்துங்கள் என்று கூச்சல். மீதி 112 ஆட்டங்களில் 74 வென்று, அந்த ஆண்டு உலகத் தொடரையும் வென்றது. மே மாதக் கிண்டல் அக்டோபரில் செல்லுபடியாவது கொஞ்சம் கஷ்டம்.

## பிளே ஆஃபில் மட்டும் ஏன் எல்லாம் தலைகீழ்

2022-இல் டாட்ஜர்ஸ் 111 ஆட்டங்களை வென்றது, அந்த அணியின் வரலாற்றிலேயே அதிகம். பாட்ரேஸ் அவர்களைவிட 22 வெற்றி பின்தங்கி 89. நேருக்கு நேர் மோதிய 19 ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் 14, பாட்ரேஸ் 5. பிறகு பிளே ஆஃபில், ஐந்தில் மூன்று வெல்பவர் முன்னேறும் தொடரில், பாட்ரேஸ் 3-1 என்று டாட்ஜர்ஸை வீட்டுக்கு அனுப்பியது. இரண்டாவது ஆட்டத்தின்போது டாட்ஜர் மைதானத்துக்குள் ஒரு வாத்து வந்து இறங்கி உட்கார்ந்துகொண்டது, பாட்ரேஸ் அன்றைக்கு ஜெயித்தது, அதன் பிறகு சான் டியாகோவில் எங்கே திரும்பினாலும் வாத்துதான். அதை அதிர்ஷ்ட தேவதை ஆக்கிவிட்டார்கள்.

வாத்தை விட்டுவிடலாம். அந்தத் தொடரில் பாட்ரேஸின் மூன்று வெற்றிகள் 5-3, 2-1, 5-3. எல்லாமே ஒன்றிரண்டு ரன் வித்தியாசம். 162 ஆட்டங்களில் தற்செயல் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொண்டு போய்விடும், நான்கைந்து ஆட்டங்களில் அதற்கு நேரமே இல்லை. அதனால் "111 ஜெயித்து என்ன பிரயோஜனம்" என்பது கிண்டலாக அருமை, வாதமாகச் சுமார். அடுத்த ஆண்டும் இதே கதை: 100 வென்ற டாட்ஜர்ஸை 84 வென்ற அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 3-0 என்று துடைத்துப் போட்டது. முதல் ஆட்டத்தில் கெர்ஷா ஒரே ஓர் அவுட் எடுப்பதற்குள் ஆறு ரன் போய்விட்டது. அந்த அரிசோனாவின் ரன் வித்தியாசம் −15, அது உலகத் தொடர்வரை போயிற்று. அங்கே அதைத் தோற்கடித்த டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ரன் வித்தியாசம் +165. ரேஞ்சர்ஸ் அந்த சீசனில் ஒரு ரன் ஆட்டங்களில் 14-22. நெருக்கமான ஆட்டங்களை ஜெயிக்கத் தெரியாத அணி கோப்பை வாங்காது என்று சொல்பவர்களிடம் இந்த ஒரு வரியைக் காட்டலாம்.

சுருக்கமாக, நீண்ட சீசன் அணியின் தரத்தை ஓரளவு காட்டும், பிளே ஆஃப் கோப்பையைக் கொடுக்கும். 2024-இல் பாட்ரேஸ் மறுபடி டாட்ஜர்ஸோடு மோதி 2-1 என்று முன்னிலை பெற்று, அப்புறம் தொடர்ச்சியாக 24 இன்னிங்ஸ் ஒரு ரன்கூட எடுக்காமல் தோற்றது. அது தற்செயலா, எதிரணிப் பிட்சர்களின் திறமையா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரண்டு ஆட்டங்களையும் சற்று மிச்சத்தையும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆகவே அந்தச் சண்டை முடியப்போவதும் இல்லை.

## நிஜமாகவே மோசமான அணி எப்படி இருக்கும்

"அதிர்ஷ்டம் இல்லை" என்பது எல்லோருக்கும் கிடைக்கும் சலுகை இல்லை. 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸ் 41-121. 1900-க்குப் பிறகு ஒரே சீசனில் இத்தனை தோல்வி யாருக்கும் வந்ததில்லை. நடுவில் தொடர்ச்சியாக 21 ஆட்டங்களைத் தோற்றது. அதே ஊரின் கப்ஸ் ரசிகர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, வைட் சாக்ஸ் ரசிகர்களே தங்கள் மைதானத்தில் "அணியை வித்துடு" என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்தினார்கள். அவர்களும் சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம்: 507 எடுத்து 813 கொடுத்த அணிக்கு 45 வெற்றி வர வேண்டும். ஆக, கொஞ்சம் துரதிர்ஷ்டமும் இருந்தது. அது இல்லாவிட்டால் 121-க்குப் பதில் 117 தோல்வி. அப்போதும் பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை.

ஆகவே ஜூன் மாதத்தில் ஒரு நண்பர் தன் அணி தோற்பதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொன்னால், பட்டியலில் ரன் வித்தியாச நிரலைப் பாருங்கள். கூட்டல் குறியோடு இருந்து, ஒரு ரன் ஆட்டங்களில் மட்டும் அடி வாங்கியிருந்தால் கொஞ்சம் வாயை அடக்கிக்கொள்வது புத்திசாலித்தனம், ஆகஸ்டில் உங்களுக்கே திரும்பி வரும். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். நண்பர் கொலராடோ ராக்கீஸ் ரசிகராக இருந்தால் கதை வேறு. அந்த அணி 2025-இல் 597 ரன் எடுத்து 1,021 ரன் கொடுத்தது. −424. அங்கே எந்தத் தயக்கமும் இல்லாமல் கிண்டல் செய்யலாம், அவரும் கூடச் சேர்ந்துகொள்வார்.